வாசலில் கிருமி... உள்ளே சொல்வது யார்? ஒரு சிறுவனும் சில கோழிகளும் காட்டிக்கொடுத்த ரகசியம்!

அந்தச் சிறுவனுக்கு வயது எட்டு. நான்கு வருடங்களுக்குள் 19 முறை சாவின் விளிம்புவரை போய்த் திரும்பியிருந்தான். ஒவ்வொரு முறையும் ஒரே கதைதான். கடும் காய்ச்சல், நடுக்கம், ரத்தம் முழுக்கக் கிருமி பரவும் செப்சிஸ். அதில் 10 முறை அவன் ரத்தத்தில் நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியா கையும் களவுமாகப் பிடிபட்டது. ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள், எழுந்து உட்காருவான், வீட்டுக்குப் போவான், கொஞ்ச நாளில் மறுபடி வருவான்.

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் இருந்த வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனை அது. 1950-களின் தொடக்கம். அங்கே குழந்தைகள் நல மருத்துவராக இருந்தவர் கர்னல் ஆக்டன் புரூட்டன். ஒரு கிருமி ஒருமுறை வந்துவிட்டால் உடம்பு அதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பையனின் உடம்புக்கு மட்டும் ஏன் எதுவுமே நினைவில் நிற்கவில்லை? தடுப்பூசி போட்டுப் பார்த்தார். அதற்கும் உடம்பு அசைந்துகொடுக்கவில்லை. ஆன்டிபாடி துளியும் உருவாகவில்லை.

மருத்துவமனையில் அப்போது எலெக்ட்ரோபோரெசிஸ் என்ற கருவி இருந்தது. ரத்தத்தில் உள்ள புரதங்களை மின்சாரத்தின் உதவியால் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் கருவி. ஆல்புமின் ஒரு மேடு, ஆல்பா ஒரு மேடு, பீட்டா ஒரு மேடு, கடைசியில் காமா குளோபுலின் ஒரு மேடு என்று வரைபடம் வரும். ஆன்டிபாடிகள் எல்லாம் அந்தக் கடைசி மேட்டில்தான் இருக்கும். சிறுவனின் ரத்தத்தை வைத்தபோது அந்த மேடு இருக்க வேண்டிய இடம் வெறும் தரையாக இருந்தது. புதுக் கருவியில்தான் ஏதோ கோளாறு என்று ஆய்வுக்கூடத்தில் முதலில் நினைத்தார்கள் என்று ஒரு கதை மருத்துவ வட்டாரத்தில் இன்றும் உலவுகிறது. கருவி சரியாகத்தான் இருந்தது.

இல்லாததைக் கொடுத்துப் பார்ப்போம் என்று முடிவெடுத்தார் புரூட்டன். மற்றவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த காமா குளோபுலினை மாதாமாதம் ஊசியாகச் சிறுவனின் தோலுக்கு அடியில் செலுத்தினார். செப்சிஸ் நின்றது. 1952-ல் அவர் இதைக் கட்டுரையாக வெளியிட்டபோது, ஓராண்டுக்கும் மேலாக அந்தச் சிறுவனுக்குப் பழைய தொல்லை திரும்பவில்லை. பிறவியிலேயே நோய் எதிர்ப்பு சக்தியின் ஒரு பகுதி இல்லாமல் போகலாம் என்பதற்கு மருத்துவ உலகம் பார்த்த முதல் தெளிவான சாட்சி அதுதான்.

எது இல்லை என்று தெரிந்துவிட்டது. ஏன் இல்லை என்று தெரிய இன்னும் 41 வருடங்கள் ஆயின. அந்தப் பதிலுக்கான வழியில் கோழிகள்தான் அடிக்கடி குறுக்கே வருகின்றன.

ஒரு பையும் ஒரு வகுப்புப் பாடமும்

கோழியின் வால் பக்கம், கழிவு வெளியேறும் பாதையை ஒட்டி, சிறு பை ஒன்று இருக்கும். பதினாறாம் நூற்றாண்டில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் இத்தாலியின் பதுவா நகரில் பாடம் நடத்திய உடற்கூறு அறிஞர் ஃபாப்ரிசியஸ் விவரித்ததால் அதற்கு 'ஃபாப்ரிசியஸின் பர்சா' என்று பெயர். 300 ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பை எதற்கு இருக்கிறது என்று யாருக்கும் உருப்படியாகத் தெரியாது.

1950-களில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்ற ஆராய்ச்சி மாணவர், குஞ்சுகளுக்கு அந்தப் பையை வெட்டி எடுத்துவிட்டு என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. கோழிகள் வளர்ந்தன, தின்றன, திரிந்தன. அந்த நேரத்தில் சக மாணவர் திமோத்தி சாங், கோழி உடம்பில் ஆன்டிபாடி எப்படி உருவாகிறது என்று வகுப்பில் செய்து காட்ட வேண்டியிருந்தது. கிளிக்கிடம் இருந்த கோழிகளை வாங்கிப்போய் சால்மோனெல்லா கிருமியின் பொருளை ஊசியில் ஏற்றினார். பாடம் சொதப்பியது. பை இல்லாத கோழிகளில் ஆன்டிபாடி உருவாகவே இல்லை.

சொதப்பிய பாடத்தைத் தூக்கிப் போடாமல் இருவரும் அதைத் துருவினார்கள். 'சயின்ஸ்' இதழுக்கு அனுப்பினார்கள். திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைசியில் 1956-ல் கோழி வளர்ப்பு ஆராய்ச்சிக்கான 'பவுல்ட்ரி சயின்ஸ்' இதழில் அது வெளியானது. மனித மருத்துவம் படிப்பவர்கள் புரட்டாத இதழ். நோய் எதிர்ப்பியலின் முக்கியமான கண்டுபிடிப்புகளில் ஒன்று முட்டை விளைச்சல் கட்டுரைகளுக்கு நடுவே பல வருடம் அமைதியாகக் கிடந்தது.

1965-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மேக்ஸ் கூப்பர், ராபர்ட் குட் குழுவினர் அந்த நூலைப் பிடித்து மேலே போனார்கள். எதிர்ப்பு சக்தியில் இரண்டு தனித்தனிப் படைகள் இருக்கின்றன, ஆன்டிபாடி தயாரிக்கும் படை பர்சாவிலிருந்து வருகிறது என்று காட்டினார்கள். பர்சாவின் முதல் எழுத்தை வைத்துத்தான் 'பி செல்' என்ற பெயர். மனிதர்களுக்கு அந்தப் பை கிடையாது. நம் பி செல்கள் எலும்பு மஜ்ஜையில் பிறக்கின்றன. ஆங்கிலத்தில் அதற்கும் முதல் எழுத்து 'பி'யாக அமைந்துபோனது வெறும் தற்செயல்.

சுவிட்ச் இருக்கிறது, கம்பி இல்லை

ஒரு பி செல்லின் மேற்பரப்பில் சுமார் ஒரு லட்சம் ஏற்பிகள் நட்டு வைத்தது போல நிற்கும். ஏற்பி என்பது வேறொன்றும் இல்லை, அந்த செல் தயாரிக்கக்கூடிய ஆன்டிபாடியின் மாதிரிதான். அதையே வாசலில் காட்சிக்கு வைத்திருக்கிறது. ஒவ்வொரு பி செல்லுக்கும் ஒரு மாதிரி. அதற்குப் பொருந்தும் கிருமி வந்தால் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும்.

ஒட்டிக்கொண்ட பிறகு செல் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. விழிக்க வேண்டும், பல ஆயிரம் நகல்களாகப் பெருக வேண்டும், ஆன்டிபாடியைத் தயாரித்து ரத்தத்தில் கொட்ட வேண்டும். இதற்கான கட்டளைகள் எல்லாம் செல்லின் நடுவில், உட்கருவில் பூட்டி வைத்த மரபணுக்களில் இருக்கின்றன. வாசலில் விருந்தாளி வந்த சேதி வீட்டின் நடு அறைவரை போயாக வேண்டும்.

விஞ்ஞானிகளைக் குழப்பியது இங்கேதான். ஏற்பியின் பெரும்பகுதி செல்லுக்கு வெளியே இருக்கிறது. சவ்வைத் துளைத்து உள்ளே நீட்டியிருக்கும் வால் எவ்வளவு நீளம் தெரியுமா? கன்னி பி செல்லில் இருக்கும் 'ஐ.ஜி.எம்' வகை ஏற்பிக்கு வெறும் மூன்றே அமினோ அமிலங்கள். காலிங் பெல் சுவிட்சை வாசலில் பதித்துவிட்டு வீட்டுக்குள் கம்பியே இழுக்காத கதை. அழுத்தினால் சத்தம் எங்கிருந்து வரும்?

கம்பி பக்கத்தில் இருந்தது. ஏற்பியோடு எப்போதும் ஒட்டியே நிற்கும் இரண்டு துணைப் புரதங்கள் உண்டு, ஐ.ஜி.ஆல்பா, ஐ.ஜி.பீட்டா. கிருமியைப் பிடிக்க இவற்றுக்குத் தெரியாது. ஆனால், உள்ளே நல்ல நீளமான வால் உண்டு. அந்த வால்களில் ஒரு குறிப்பிட்ட இடைவெளியில் 'டைரோசின்' என்ற அமினோ அமிலம் இரண்டு முறை வருவதை ஜெர்மனி விஞ்ஞானி மைக்கேல் ரெத் 1989-ல் கவனித்துச் சொன்னார். ஆய்வகத்தில் எந்தப் புதுச் சோதனையும் செய்யாமல், பல ஏற்பிகளின் எழுத்து வரிசைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தே கண்டுபிடித்த அமைப்பு அது. இன்று அதற்கு 'ஐடாம்' என்று பெயர்.

அந்த இரட்டை டைரோசின்கள்தான் கம்பியின் முனை. அங்கே முதல் பொறி வைப்பவை 'கைனேஸ்' எனப்படும் புரதங்கள்.

பொட்டு வைக்கும் புரதங்கள்

கைனேஸ் செய்வது ஒரே ஒரு வேலை. செல்லுக்குள் எரிபொருள் போலச் சுற்றிக்கொண்டிருக்கும் ஏ.டி.பி என்ற மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டைக் கழற்றி, இன்னொரு புரதத்தின் மீது ஒட்ட வைக்கும். நெற்றியில் பொட்டு வைப்பது மாதிரி. பார்க்கச் சின்ன விஷயம். ஆனால், அந்தப் பொட்டு நிறைய எதிர்மின்னூட்டம் கொண்டது. அது ஏறியதும் புரதத்தின் வடிவம் மாறும். அதுவரை கண்டுகொள்ளாத வேறு புரதங்கள் அந்தப் பொட்டைப் பார்த்து வந்து ஒட்டிக்கொள்ளும். பொட்டை அழிப்பதற்கென்றே இன்னொரு கூட்டமும் உண்டு, பாஸ்படேஸ்கள். வைப்பதும் அழிப்பதும் ஓயாமல் நடக்கும். மனித மரபணுத் தொகுப்பில் 500-க்கும் மேற்பட்ட கைனேஸ்கள் இருக்கின்றன. டைரோசினில் பொட்டு வைப்பவை அவற்றில் 90 மட்டுமே.

டைரோசினில் பொட்டு வைக்க முடியும் என்பதே 1979 வரை யாருக்கும் தெரியாது. கலிஃபோர்னியாவின் சால்க் ஆய்வகத்தில் டோனி ஹன்ட்டர் அதைக் கண்டுபிடித்ததற்கு ஒருவகையில் சோம்பல்தான் காரணம். அமினோ அமிலங்களைப் பிரிக்கும் கரைசலைப் புதிதாகத் தயாரிக்காமல் பழையதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தியிருந்தார். அதனால் கரைசலின் அமிலத்தன்மை கொஞ்சம் கூடிப்போயிருந்தது. புதுக் கரைசலாக இருந்திருந்தால் பாஸ்பேட் ஏறிய டைரோசின், வழக்கமான வேறொரு புள்ளியோடு கலந்து மறைந்திருக்கும். பழசாகிப்போன கரைசலில் அது தனியாகப் பிரிந்து நின்றது. (ஆய்வகங்களில் பாத்திரம் கழுவாதவர்கள் இதைச் சாக்காகச் சொல்வதுண்டோ என்னவோ!)

அடுத்த ஆண்டே, 'சார்க்' என்ற புற்றுநோய்ப் புரதம் செய்வதும் இதே வேலைதான் என்று தெரிந்தது. அந்த சார்க் எங்கிருந்து வந்தது? 1911-ல் பெய்டன் ரவுஸ் ஒரு கோழியின் கட்டியிலிருந்து பிரித்த வைரஸிலிருந்து. மறுபடியும் கோழி!

பி செல்லுக்குள் முதல் பொட்டை வைக்கும் 'லின்' என்ற கைனேஸ், அந்த சார்க் குடும்பத்தைச் சேர்ந்தது.

மூன்று பேர், ஒரு தொடர் ஓட்டம்

இனி நடப்பதெல்லாம் நொடிகளில் முடிந்துவிடும்.

லின் எப்போதும் சவ்வின் உள்பக்கத்தில் தொற்றிக்கொண்டு ஏற்பிகளுக்குப் பக்கத்திலேயே இருக்கும். சும்மா இருக்கும் நேரத்திலும் ஒன்றிரண்டு பொட்டு வைத்துக்கொண்டேதான் இருக்கும். அழிக்கும் கூட்டம் உடனே துடைத்துவிடும். கிருமி வந்து பல ஏற்பிகளில் ஒரே நேரத்தில் ஒட்டும்போது இந்தச் சமநிலை உடைகிறது. வைக்கும் வேகம் அழிக்கும் வேகத்தை மிஞ்சுகிறது. ஐடாமின் இரண்டு டைரோசின்களிலும் பொட்டு நிலைக்கிறது.

கிருமி ஒட்டும்போது ஏற்பிகளுக்கு என்ன நேர்கிறது என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. தனித்தனியாக மிதந்த ஏற்பிகளைக் கிருமி இழுத்துக் கூட்டமாக்குகிறது, அதனால் பொறி பிறக்கிறது என்பது பழைய விளக்கம். இல்லை, அவை ஏற்கெனவே கூட்டமாக வாய்மூடி இருக்கின்றன, கிருமி வந்து அவற்றை விலக்கித் திறக்கிறது என்கிறார் ரெத். இரண்டு தரப்பிலும் சோதனைகள் இருக்கின்றன. பாடப்புத்தகங்களில் இன்னமும் முதல் படம்தான் அதிகம் காணக் கிடைக்கிறது.

அடுத்து வருவது 'சிக்'. இது இரண்டு கைகள் கொண்ட கைனேஸ். ஒரு பொட்டு மட்டும் இருந்தால் அதற்குப் பிடி போதாது. இரண்டு பொட்டும் சரியான இடைவெளியில் இருந்தால்தான் இரண்டு கைகளாலும் பற்றிக்கொள்ளும். தவறான அழைப்புக்கு ஏமாறாமல் இருக்க இதைவிட எளிய ஏற்பாடு கிடையாது. பற்றிக்கொண்டதும் சிக் விழித்துக்கொள்கிறது. பக்கத்து ஐடாம்களிலும் அதுவே பொட்டு வைத்து இன்னும் பல சிக்குகளை வரவழைக்கிறது. ஒரு தீக்குச்சி வைக்கோல் போராகிறது.

லின் முக்கியமா, சிக் முக்கியமா? பதில் சொன்னது, யூகித்திருப்பீர்கள், கோழிதான். வைரஸ் தாக்கியதால் கோழியின் பர்சாவில் உருவான புற்றுநோயிலிருந்து வளர்த்தெடுத்த செல்கள் ஆய்வகங்களில் உண்டு. அவற்றில் குறிப்பிட்ட ஒரு மரபணுவை மட்டும் நீக்குவது, மற்ற செல்களோடு ஒப்பிட்டால் ரொம்பச் சுலபம். ஜப்பான் விஞ்ஞானி டோமோஹிரோ குரோசாகியின் குழு 1994-ல் அதைச் செய்து பார்த்தது. லின்னை நீக்கினால் சேதி தாமதமாக, தயங்கித் தயங்கிப் போனது. சிக்கை நீக்கினால் கால்சியம் அசையவே இல்லை.

கால்சியம் எங்கே வந்தது? அதுதான் சேதியின் அடுத்த கட்டம். அங்கே போக மூன்றாவது ஆள் வேண்டும்.

சிக் இன்னொரு புரதத்தில் பொட்டு வைக்கிறது. பி.எல்.என்.கே என்று பெயர். இது தானாக எதுவும் செய்யாது, மற்றவர்கள் வந்து உட்கார ஒரு திண்ணை மாதிரி. அதே நேரம் சவ்வின் கொழுப்பிலும் ஒரு அடையாளம் ஏறுகிறது. திண்ணையையும் அடையாளத்தையும் பார்த்து, உள்ளே மிதந்துகொண்டிருந்த மூன்றாவது கைனேஸ் சவ்வுக்கு ஓடிவருகிறது. சிக்கும் லின்னும் அதற்குப் பொட்டு வைத்து உசுப்பிவிடுகின்றன. அது தன் பங்குக்கு ஒரு நொதியைத் தூண்டுகிறது. நொதி சவ்வின் கொழுப்பை இரண்டாக வெட்டுகிறது. வெட்டிய துண்டுகளில் ஒன்று செல்லுக்குள் இருக்கும் கால்சியக் கிடங்கின் கதவைத் திறக்கிறது. சாதாரண நேரத்தில் செல்லுக்கு வெளியே இருப்பதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கால்சியம்தான் உள்ளே இருக்கும். அதனால் கதவு திறந்ததும் ஏற்படும் மாற்றத்தை செல் முழுவதும் உணர்கிறது. சேதி உட்கருவைத் தொடுகிறது. மரபணுக்கள் விழிக்கின்றன.

அந்த மூன்றாவது கைனேஸின் பெயர் பி.டி.கே. விரித்துச் சொன்னால், புரூட்டன் டைரோசின் கைனேஸ்.

1993: 41 வருடக் கேள்விக்குப் பதில்

ஆம், அதே புரூட்டன். 1993-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இந்தக் கைனேஸைக் கண்டுபிடித்தன. ஒன்று லண்டனிலும் ஸ்டாக்ஹோமிலும் இருந்த விஞ்ஞானிகள் சேர்ந்தது. இன்னொன்று லாஸ் ஏஞ்சலிஸில் ஓவன் விட்டேயின் ஆய்வகம். வேறு வேறு பெயர் வைத்தார்கள். பிறகு கர்னலின் பெயரே நிலைத்தது. 2003-ல் தன் 94-வது வயதில் காலமான புரூட்டன், தன் பெயரில் ஒரு கைனேஸ் உலாவுவதை இருந்து பார்த்துவிட்டுத்தான் போனார்.

காமா குளோபுலின் மேடு காணாமல் போகும் அந்த நோய்க்குக் காரணம் பி.டி.கே மரபணுவில் ஏற்படும் பிழை. ஆனால், ஆன்டிபாடி ஏன் மொத்தமாக இல்லாமல் போகிறது? கிருமி வந்த சேதி போகாததால் மட்டும் அல்ல. எலும்பு மஜ்ஜையில் வளரும்போதே ஒவ்வொரு பி செல்லுக்கும் ஒரு நுழைவுத்தேர்வு இருக்கிறது. பாதி கட்டிய ஏற்பியை வைத்து ஒரு சோதனை சிக்னல் அனுப்பிக் காட்ட வேண்டும். இதே தொடர் ஓட்டம்தான். சிக்னல் போனால் செல் அடுத்த வகுப்புக்குப் போகும், போகாவிட்டால் அங்கேயே மடியும். பி.டி.கே இல்லாத குழந்தைகளின் பி செல்கள் கிட்டத்தட்ட எல்லாமே அந்தத் தேர்வில் விழுந்துவிடுகின்றன. ரத்தத்தில் தேடினால் பி செல்லே அகப்படாது.

இதே பிழை சுண்டெலிக்கு வந்தால் பாதிப்பு அவ்வளவு மோசம் இல்லை. அதற்கு இன்னொரு கைனேஸ் கைகொடுத்துவிடுகிறது. மனிதக் குழந்தைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

பெற்றோர் கவனிக்க...

பி.டி.கே மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்களுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்றில் பிழை இருந்தாலும் இன்னொன்று சமாளித்துவிடும். ஆண்களுக்கு ஒன்றுதான். அதனால், தாய்க்கு எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருக்க, மகனுக்கு நோய் வரலாம். அந்தத் தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு ஆண் குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல் புதிதாகவும் பிழை தோன்றலாம். இதற்குத் தாயைக் குறை சொல்லும் வழக்கம் சில வீடுகளில் இருக்கலாம். அதில் கடுகளவும் நியாயம் இல்லை.

மிக அரிதான நோய் இது. லட்சக்கணக்கான பிறப்புகளில் ஒன்று என்ற அளவில்தான் வரும். பள்ளிக்குப் போகும் குழந்தைக்கு வருடத்தில் பலமுறை சளி பிடிப்பது இயல்பு, அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. கவனிக்க வேண்டியது வேறு. ஆறு மாதம்வரை நன்றாக இருந்த ஆண் குழந்தைக்கு அதன் பிறகு நிமோனியா திரும்பத் திரும்ப வருவது, காதில் சீழ் ஓயாமல் வடிவது, எலும்பிலோ மூட்டிலோ ரத்தத்திலோ கிருமி பரவுவது, ஆன்டிபயாடிக் நிறுத்தியதும் மறுபடி படுப்பது. ஆறு மாதக் கணக்குக்குக் காரணம் உண்டு. தாயின் ஆன்டிபாடிகள் தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்கு வந்து அவ்வளவு நாள் காவல் இருக்கின்றன. அவை தீர்ந்ததும் வாசல் திறந்துவிடுகிறது. இந்தக் குழந்தைகளுக்கு டான்சில் மிகச் சிறிதாகவோ இல்லாமலோ இருப்பதும் டாக்டர்களுக்கு ஒரு முக்கியமான தடயம். டான்சிலின் சதையில் பெரும்பங்கு பி செல்கள்தான்.

இம்யூனோகுளோபுலின் அளவு பார்க்கும் ரத்தப் பரிசோதனையில் சந்தேகம் பெருமளவு தெளிந்துவிடும். பிறகு பி செல் எண்ணிக்கையும் மரபணுவும் பார்த்து உறுதி செய்வார்கள். சிகிச்சை, புரூட்டன் தொடங்கியதன் தொடர்ச்சிதான். ஆயிரக்கணக்கானோர் கொடுத்த ரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்த இம்யூனோகுளோபுலினை மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை நரம்பு வழியாகவோ, வாரம் ஒருமுறை தோலுக்கு அடியிலோ செலுத்துவார்கள். வாழ்நாள் முழுக்கத் தொடர வேண்டும். தொடங்கத் தாமதமானால், திரும்பத் திரும்ப வந்த நிமோனியாவில் சேதமான நுரையீரலைப் பழையபடி ஆக்க முடியாது. அதனால்தான் சீக்கிரம் கண்டுபிடிப்பது இவ்வளவு முக்கியம்.

இன்னொரு எச்சரிக்கை. ஆன்டிபாடி இல்லாத இந்தக் குழந்தைகளுக்கு போலியோ சொட்டு மருந்து ஆகாது. அதில் இருப்பது உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸ். அதை வெளியேற்ற வழியில்லாமல் குடலில் நீண்ட காலம் தங்கிவிடலாம், அரிதாகப் பக்கவாதமும் வரலாம். மற்ற குழந்தைகளுக்கு அந்தச் சொட்டு மருந்து பாதுகாப்பானது. இதைப் படித்துவிட்டு யாரும் அதைத் தவிர்க்கக் கூடாது. குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் உறுதியாகியிருந்தால், தடுப்பூசி போடும்முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அவ்வளவுதான்.

ஆக்ஸிலேட்டரும் அதே கால், பிரேக்கும் அதே கால்

முதல் பொட்டை வைக்கும் லின் இல்லாத சுண்டெலிகளை 1995-ல் உருவாக்கிப் பார்த்தார்கள். எதிர்ப்பு சக்தி மந்தமாக இருக்கும் என்று எதிர்பார்ப்பதுதான் நியாயம். நடந்தது நேர்மாறு. அந்தச் சுண்டெலிகளின் பி செல்கள் சொந்த உடம்புக்கு எதிராகவே ஆன்டிபாடி தயாரித்தன. சிறுநீரகம் வீங்கியது. மனிதர்களுக்கு வரும் லூபஸ் நோயின் சாயல்.

காரணம், லின் இரண்டு இடங்களில் பொட்டு வைக்கிறது. ஐடாமில் வைத்தால் ஓட்டம் தொடங்கும். 'சி.டி.22' என்ற பக்கத்துப் புரதத்தில் வைத்தால், பொட்டு அழிக்கும் பாஸ்படேஸ்கள் அங்கே வந்து சேர்ந்து ஓட்டத்தைத் தணிக்கும். தொடங்கும் வேலைக்கு லின்னின் உறவுக்காரர்களும் சிக்கும் மாற்றாக வந்துவிடுவார்கள். நிறுத்தும் வேலைக்கு அப்படி ஆள் இல்லை. விருந்தாளியை வரவேற்றவரே அளவோடு உபசரித்து அனுப்பியும் வைக்க வேண்டியிருக்கிறது. உடம்பின் கணக்கு அப்படி.

வேண்டாத சேதியை நிறுத்த ஒரு மாத்திரை

சேதி போகாவிட்டால் ஒரு நோய் என்றால், சேதி ஓயாமல் போனால்? சில ரத்தப் புற்றுநோய்களில் அதுதான் நடக்கிறது. வயதானவர்களுக்கு வரும் 'சி.எல்.எல்' என்ற ரத்தப் புற்றுநோயில், பி செல்கள் இந்தத் தொடர் ஓட்டத்தின் தயவில்தான் உயிர் வாழ்கின்றன. கிருமியே இல்லாமல் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.

பி.டி.கே இல்லாத குழந்தைகளிடம் இல்லாதது பெரும்பாலும் பி செல் மட்டும்தான். மூளை, இதயம், கல்லீரல் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. அப்படியானால் பெரியவர்களுக்கு பி.டி.கே-யை மருந்தால் நிறுத்தினால் மற்ற உறுப்புகளுக்குப் பெரிய ஆபத்து இருக்காதே என்ற எண்ணம் அங்கிருந்து கிளம்பியது. செலேரா என்ற நிறுவனத்தில் உருவான ஒரு மூலக்கூறு, பி.டி.கே-யின் 481-வது இடத்தில் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தைப் பிடித்து விடாமல் பூட்டிக்கொண்டது. முதலில் அதை ஆராய்ச்சிக் கருவியாகத்தான் நினைத்திருந்தார்கள். பார்மாசைக்ளிக்ஸ் என்ற நிறுவனம் வாங்கி மருந்தாக வளர்த்தது. அதுதான் இப்ருட்டினிப். 2013 நவம்பரில் ஒருவகை லிம்போமாவுக்கும், 2014-ல் சி.எல்.எல்-லுக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

சோதனைக் காலத்தில் டாக்டர்களைத் திகைக்க வைத்த விஷயம் ஒன்று உண்டு. மாத்திரை தொடங்கியதும் நெறிக்கட்டிகள் வேகமாகச் சுருங்கின. அதே சமயம் ரத்தப் பரிசோதனையில் புற்றுநோய் செல்களின் எண்ணிக்கை ஏறியது. நோய் குறைகிறதா, கூடுகிறதா? உண்மையில், நெறிக்கட்டிகளில் பதுங்கிக்கொண்டு உரம் வாங்கிக்கொண்டிருந்த செல்கள் பிடி தளர்ந்து ரத்தத்துக்குத் துரத்தப்பட்டிருந்தன. அங்கே அவற்றுக்கு ஆதரவு இல்லை, மெல்ல மெல்ல மடிந்தன. எண்ணிக்கை ஏறியதைப் பார்த்து மருந்தை நிறுத்தாமல் பொறுத்திருந்தவர்கள் பிழைத்தார்கள்.

இப்ருட்டினிப் வேறு சில கைனேஸ்களையும் கொஞ்சம் தொந்தரவு செய்யும். அதனால் சிலருக்கு இதயத்துடிப்பு ஒழுங்கு தவறும், ரத்தக்கசிவு வரும். இன்னும் குறி தவறாத அகாலாப்ருட்டினிப் 2017-ல் வந்தது. புற்றுநோய் செல்லும் சும்மா இருக்கவில்லை. சிலரிடம் அந்த 481-வது சிஸ்டீனை செரீன் என்ற வேறொன்றாக மாற்றிக்கொண்டது. பூட்டு மாட்ட வளையம் இல்லை, மருந்து வழுக்கிவிட்டது. அந்த வளையமே தேவைப்படாமல் பி.டி.கே-யைப் பற்றிக்கொள்ளும் பிர்ட்டோப்ருட்டினிப் 2023 ஜனவரியில் அனுமதி பெற்றது. அதற்கும் வழுக்கக் கற்றுக்கொண்ட செல்கள் சில நோயாளிகளிடம் தென்பட ஆரம்பித்துவிட்டன. பி.டி.கே-யைத் தடுப்பதற்குப் பதிலாக, அதை செல்லே குப்பைக்கு அனுப்பும்படி செய்யும் புது மூலக்கூறுகள் இப்போது நோயாளிகளிடம் சோதனையில் இருக்கின்றன.